கருப்பு வண்டியில் சிலந்தி வலைக் கோடுகள்: பாலீஷ் போட்டால் போகுமா, திரும்ப வருமா?

அஸ்தம்பட்டி_கருப்பன் | சனி, இரவு 11.10

எல்லோருக்கும் வணக்கம். ஆறு வருடம் ஓடிய கருப்பு ஸ்விஃப்ட் ஒன்றைப் போன மாதம் வாங்கினேன். நிழலில் நிறுத்திப் பார்த்தபோது பளபளவென்று இருந்தது, அதைப் பார்த்துத்தான் அட்வான்ஸே கொடுத்தேன். நேற்று ராத்திரி சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு பங்கில் டீசல் போட நின்றேன். மேலே எல்இடி விளக்கு. பானெட்டைப் பார்த்ததும் மனசு விட்டுப்போச்சு. விளக்கு தெரிகிற இடத்தைச் சுற்றி வட்டம் வட்டமாக, சிலந்தி வலை பின்னின மாதிரி கோடுகள். வீட்டுக்கு வந்து மொபைல் டார்ச் அடித்தால் கதவு, கூரை, டிக்கி எங்கும் அதே கதை.

ஒரு கடையில் விசாரித்தேன். "முழு பாடிக்கும் ரப்பிங் போட்டு மேலே கோட்டிங் அடிச்சா மூணு மணி நேரத்துல புது வண்டி" என்றார்கள். மூன்று மணி நேரம் என்பதுதான் உறுத்துகிறது. இது உண்மையிலேயே போகுமா? நானே செய்யலாமா? எங்கள் அபார்ட்மென்டில் வாட்ச்மேன் அண்ணன் தினமும் காலையில் துடைத்துவிடுவார், அதனால் பராமரிப்பில் குறை இல்லை.

ஐந்துரோடு_ஆல்டோ | சனி, இரவு 11.32

வெள்ளை வண்டி வாங்கியிருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. என் ஆல்டோவில் இருக்கிற கோட்டை எண்ணினால் உங்கள் வண்டி வெட்கப்படும். ஆனால் வெள்ளையில் எவனுக்கும் தெரியாது. தேங்காய் எண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து ஒரு துடை துடைத்தால் கல்யாணத்துக்கே போகலாம்.

மூக்கனேரி_மீன்கொத்தி | ஞாயிறு, காலை 6.45

ஆல்டோ அண்ணாவின் எண்ணெய் வைத்தியத்தை யாரும் செய்து பார்க்க வேண்டாம். அரை நாள் மின்னும், அப்புறம் ஊரில் உள்ள தூசெல்லாம் அதில்தான் வந்து ஒட்டும்.

கருப்பன், உங்கள் கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது. அந்த வாட்ச்மேன் அண்ணன் ஒரு பக்கெட் தண்ணீரில் எத்தனை வண்டி துடைக்கிறார்?

இந்தக் கோடு என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் சாப்பாட்டுத் தட்டை எடுங்கள். சேலத்துக்காரருக்கு எவர்சில்வர் பற்றிப் பாடம் வேண்டியதில்லை, உருக்காலையே நம் ஊரில்தான் இருக்கிறது. வாங்கின அன்று தட்டில் முகம் பார்க்கலாம். நாரும் பவுடரும் போட்டு ஒரு வருடம் தேய்த்த பிறகு பல்புக்குக் கீழே பிடித்தால், பல்பின் பிம்பத்தைச் சுற்றி மெல்லிய வட்டங்கள் தெரியும். தட்டை அசைத்தால் வட்டமும் கூடவே நகரும். உங்கள் பானெட்டிலும் அதேதான் நடக்கிறது. கலருக்கு மேலே கண்ணாடி போல ஒரு கிளியர் கோட் இருக்கிறது. கோடெல்லாம் அதில்தான். பெரும்பாலும் கலர் வரை இறங்கியிருக்காது.

அஸ்தம்பட்டி_கருப்பன் | ஞாயிறு, காலை 9.20

ஆறு வண்டி. ஒரே பக்கெட், ஒரே துணி. அது ஒரு காலத்தில் பனியனாக இருந்திருக்க வேண்டும்.

அவர் வட்டமாகத் துடைப்பதால்தான் வட்டமாக விழுகிறதா? நேராகத் துடைக்கச் சொல்லட்டுமா?

மூக்கனேரி_மீன்கொத்தி | ஞாயிறு, காலை 10.05

எல்லோரும் நினைப்பது அதுதான், ஆனால் தப்பு. கீறல்கள் எல்லாத் திசையிலும் கன்னாபின்னாவென்று கிடக்கின்றன. அவற்றில் விளக்கைச் சுற்றி வளைந்த திசையில் கிடப்பவை மட்டும்தான் வெளிச்சத்தை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன. மற்றவை இருட்டிலேயே இருந்துவிடும். அதனால்தான் வட்டமாகத் தெரிகிறது. டார்ச்சை நகர்த்திப் பாருங்கள், வட்டம் பின்னாலேயே வரும். வட்டமாகவே கீறியிருந்தால் அது எப்படி நகரும்?

நேராகத் துடைத்தாலும் கீறல் விழும். ஒரே திசையில் விழுந்தால் சில கோணத்தில் மட்டும் தெரியும், அவ்வளவு லாபம். கீறுவது துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே மாட்டுகிற மணல். நம் ஊர் ரோட்டுத் தூசில் குவார்ட்ஸ் மணல் நிறைய. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கிற மோஸ் அளவுகோலில் அது 7. எவர்சில்வரையே கீறும், கிளியர் கோட் எம்மாத்திரம்? காய்ந்த தூசின் மேல் துணியை இழுப்பதும் உப்புக் காகிதம் போட்டுத் தேய்ப்பதும் ஒன்றுதான். கார் கவரும் அப்படித்தான். தூசோடு கவரைப் போட்டு, காற்றில் அது ராத்திரி முழுக்க ஆடினால் போதும்.

பெயின்ட்_பூத்_25 | ஞாயிறு, மாலை 4.15

தம்பி, இருபத்தைந்து வருடமாக ஸ்ப்ரே கன் பிடிக்கிறவன் சொல்கிறேன். பாலீஷ் என்றால் கோட்டை மூடுவது இல்லை. கோட்டின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள கிளியரைச் சீவி எடுப்பது. பள்ளத்தை நிரப்பவில்லை, மேட்டை இறக்குகிறோம்.

கம்பெனி பெயின்ட் மொத்தமாகவே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). அடியில் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு கோட், பிரைமர், கலர், மேலே கிளியர். இதில் கிளியர் மட்டும் நாற்பது ஐம்பது மைக்ரான் இருக்கும். உங்கள் தலைமுடி அதைவிடக் கனம். வெயிலைத் தாங்குகிற மருந்தும் அந்தக் கிளியரில்தான் இருக்கிறது. நல்ல கையில் ஒரு தடவை பாலீஷ் போட்டால் ஓரிரண்டு மைக்ரான் போகும். வருடா வருடம் தீபாவளிக்கு ரப்பிங் போட்டு, அஞ்சாறு வருடத்தில் கூரையில் கிளியர் உரிந்து சொறி பிடித்த மாதிரி வருகிற வண்டிகளைத்தான் நான் கடையில் பார்க்கிறேன்.

முதலில் நகத்தை வைத்துக் கோட்டின் குறுக்கே மெதுவாக இழுங்கள். நகம் மாட்டினால் அதை விட்டுவிடுங்கள், பாலீஷில் போகாது. போகிற வரைக்கும் விடமாட்டேன் என்று நின்றால் கலர் வெளியே வந்துவிடும்.

பழைய வண்டி என்பதால் இன்னொன்று. எந்தக் கதவு திரும்ப அடித்தது என்று தெரியாமல் மெஷினைத் தொடாதீர்கள். கனம் பார்க்கிற மீட்டர் இருக்கிற கடையில் ஒரு சுற்று வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கதவு மட்டும் 200, 250 காட்டினால் ரீபெயின்ட். ஆயிரத்தைத் தொட்டால் அடியில் பட்டி இருக்கிறது.

வெள்ளிப்பட்டறை | ஞாயிறு, இரவு 8.50

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை செய்கிற குடும்பம். பெயின்ட் அண்ணா சொன்னது எங்கள் தொழிலுக்கும் அப்படியே பொருந்தும். கொலுசு மின்னுவது மேலே எதையோ பூசுவதால் இல்லை. முதலில் தடித்த மருந்து, பிறகு மெல்லியது, கடைசியில் வெறும் மெத்தென்ற பஃப் (துணிச் சக்கரம்). முன்னால் போட்டது விட்ட கோட்டை அடுத்தது எடுக்க வேண்டும், அது விட்டதை அதற்கடுத்தது. ஒரு படியைத் தாண்டினால் வெளிச்சத்தில் காட்டிக் கொடுத்துவிடும்.

ஒரே வித்தியாசம், பாலீஷில் போகிற வெள்ளியை நாங்கள் விடமாட்டோம். பஃப் தூசைக் கூட்டி அள்ளி உருக்கி எடுத்துவிடுவோம். உங்கள் கிளியர் பாலீஷ் போடுகிற ஃபோம் பேடோடு போனால் போனதுதான்.

கொண்டலாம்பட்டி_டாக்ஸி | திங்கள், காலை 5.50

நாலு வண்டி ஓட்டுகிறேன். கோட்டைவிட எனக்குத் தொல்லை தண்ணீர்க் கறை. போர் தண்ணீரில் கழுவி வெயிலில் விட்டால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. இப்போது வீட்டு ஆர்ஓ மெஷினில் வெளியே போகிற தண்ணீரைப் பிடித்து வைத்துக் கழுவலாமா என்று யோசிக்கிறேன். தண்ணீரும் மிச்சம்.

மூக்கனேரி_மீன்கொத்தி | திங்கள், காலை 7.30

அண்ணா, அந்தத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். குடிக்கிற தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்து வருகிறது. போர் தண்ணீரைவிட மோசம். மாப் போட வைத்துக்கொள்ளுங்கள்.

ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடியுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவதால் அதில் உப்பு கிட்டத்தட்ட கிடையாது. இரண்டு ஏசி ஓடினால் ஒரு ராத்திரியில் ஒரு பக்கெட் தேறும். போரில் கழுவிவிட்டுக் கடைசி அலசலுக்கு அது போதும். காவிரித் தண்ணீர் வருகிற நாளில் கழுவினாலும் சரிதான்.

ஏற்கெனவே விழுந்த புள்ளிக்கு வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, நிழலில், துணியில் நனைத்து ஒரு நிமிடம் ஒற்றி வைத்துவிட்டு நன்றாக அலசுங்கள். அதற்கும் போகவில்லை என்றால் உப்பு கிளியரையே அரித்துக் குழி போட்டுவிட்டது என்று அர்த்தம்.

அஸ்தம்பட்டி_கருப்பன் | அடுத்த ஞாயிறு, பிற்பகல் 2.10

இந்த வாரம் நடந்தது. வாட்ச்மேன் அண்ணனிடம் "இனிமே என் வண்டியைத் தொடாதீங்கண்ணா, மாசக் காசு எப்போதும் போல வந்துரும்" என்றேன். கோபித்துக்கொண்டார். மறுநாள் துடைத்தும் வைத்திருந்தார். பாசம்.

மீட்டர் வைத்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் 105 முதல் 125 வரை. இடது பின்கதவு மட்டும் 240. விற்றவர் "ஒரிஜினல் பெயின்ட், தொட்டதே இல்லை" என்று சத்தியம் செய்தார்.

இன்று காலை இரண்டு பக்கெட் முறையில் கழுவினேன். ஒன்றில் ஷாம்பூ, ஒன்றில் வெறும் தண்ணீர். கையுறை மாதிரியான மைக்ரோஃபைபரைத் தண்ணீர் பக்கெட்டில் அலசிவிட்டுத்தான் ஷாம்பூவில் முக்க வேண்டும் என்று மீன்கொத்தி தனியாகச் சொல்லியிருந்தார். மேலிருந்து கீழே. முடித்துவிட்டு அலசின பக்கெட்டின் அடியைப் பார்த்தேன். ஒரு ஸ்பூன் மண் இருக்கும். இத்தனை நாள் அந்த மண் என் பெயின்ட் மேல்தான் ஓடியிருக்கிறது.

அப்புறம் பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவினேன். வெறும் விரலுக்கு வழவழப்பு, பைக்குள் விரலை விட்டால் சொரசொரப்பு! களிமண் மாதிரி ஒரு கட்டி விற்கிறார்கள், கிளே பார். ஷாம்பூ தண்ணீரைத் தெளித்து அதை வழுக்கவிட்டேன். ஒரு கதவு முடிப்பதற்குள் கட்டி பழுப்பாகிவிட்டது. ஒரு துண்டு கீழே விழுந்தது, எடுத்துத் துடைத்துத் திரும்பத் தேய்க்கலாமா?

பெயின்ட்_பூத்_25 | ஞாயிறு, பிற்பகல் 3.00

கீழே விழுந்ததைக் குப்பையில் போடு தம்பி. அதில் ஒட்டின ஒரு மணல் போதும். ஜங்ஷன் பக்கம் ரயில்வே லைனை ஒட்டி நிறுத்துகிற வண்டிகளுக்கு இரும்புத் தூள் வேறு ஏறியிருக்கும். அதற்குத் தனி மருந்து உண்டு, தெளித்தால் ஊதா நிறமாக ஒழுகும். அதற்குப் பிறகு கிளே போட்டால் வேலை பாதி.

ஐந்துரோடு_ஆல்டோ | ஞாயிறு, மாலை 6.20

இவ்வளவு பாடு எதற்கு? என் மச்சான் போன வருடம் ஒரு கடையில் விட்டான். மூன்று மணி நேரம்தான். ஒரு கோடு இல்லை, கண்ணாடி.

சரி, உண்மையையும் சொல்லிவிடுகிறேன். நாலு தடவை கழுவினதும் எல்லாக் கோடும் சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி திரும்பி வந்துவிட்டன. வெயிலில் பார்த்தால் மேகம் மாதிரி ஒரு அலையும் புதிதாகச் சேர்ந்திருந்தது.

மூக்கனேரி_மீன்கொத்தி | ஞாயிறு, இரவு 9.15

அதில் இரண்டு வேலை நடந்திருக்கிறது. ரோட்டரி மெஷினில் (ஒரே அச்சில் வேகமாகச் சுற்றுவது) கம்பளி பேடு போட்டு வேகமாக இழுத்து, பிறகு மெல்லிய பாலீஷில் முடிக்காமல் விட்டால் அந்த அலை வரும். கோட்டை எடுக்கப்போய் வேறு கோடு போடுவது. அதை மறைக்க எண்ணெய்ப் பசை உள்ள கிளேஸைப் பூசிவிடுவார்கள். கீறலுக்குள் அது புகுந்து நிற்கிறவரை வெளிச்சம் சிதறாது, வண்டி மின்னும். ஷாம்பூ பட்டுப்பட்டு அது கரைந்ததும் பழைய குருடி கதவைத் திறடி.

கடையில் விடுகிறவர்கள் ஒன்று கேளுங்கள்: பாலீஷ் முடிந்ததும் பூசின எண்ணெயை எடுத்துவிடுகிற ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலந்த தண்ணீரில் துடைத்துவிட்டு டார்ச் அடித்துக் காட்டுவீர்களா? சரி என்று சொல்கிற கடையில் தைரியமாக விடலாம்.

சேர்வராயன்_காபி | திங்கள், காலை 8.40

ஏற்காட்டிலிருந்து. கருப்பன், மெஷின் வேலையைச் சேலத்து வெயிலில் செய்யாதீர்கள். தகரம் சூடாக இருந்தால் பாலீஷ் போட்ட ஒரு நிமிடத்தில் காய்ந்து மாவாகப் பறக்கும். உள்ளங்கையை வைத்து எடுக்காமல் இருக்க முடிகிற அளவுக்குக் குளிர்ந்திருக்க வேண்டும். நான் எங்கள் ஷெட்டில் மதியம் இரண்டு மணிக்குக்கூடச் செய்வேன், 1,500 மீட்டர் உயரத்தின் சலுகை. உங்களுக்கு விடியற்காலை ஐந்து முதல் எட்டுதான் நேரம்.

இங்கே எங்களுக்கு வேறு பஞ்சாயத்து. பனி இறங்கி வண்டி நனைந்திருக்கும், ஈரம்தானே என்று அப்படியே துணியை எடுத்துத் துடைப்பார்கள். அந்த ஈரத்துக்கு அடியில் தூசு அப்படியே இருக்கும். சில்வர் ஓக்குக்குக் கீழே நிறுத்தினால் பறவை எச்சம். அதைச் சுரண்டக் கூடாது. நனைத்த துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு வைத்து, ஊறினதும் அள்ளி எடுக்க வேண்டும். அப்புறம் குரங்கு. அதற்கு எந்தக் கோட்டிங்கும் கிடையாது.

அஸ்தம்பட்டி_கருப்பன் | மூன்றாவது ஞாயிறு, பிற்பகல் 12.30

மெஷின் வாங்கவில்லை, மீன்கொத்தி கொடுத்தார். ரோட்டரி இல்லை, டிஏ, அதாவது டூயல் ஆக்‌ஷன். சுற்றிக்கொண்டே ஆடவும் செய்வதால் ஒரே இடத்தில் சூடு ஏறாது, புதிதாகக் கை வைக்கிறவனுக்கு அதுதான் பாதுகாப்பு என்றார். பிளாஸ்டிக் ஓரம், ரப்பர் பீடிங், பானெட்டில் மடிப்பு வருகிற கோடு எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டவே முக்கால் மணி நேரம் ஆனது.

முதலில் டிக்கியில் இரண்டடிக்கு இரண்டடி மட்டும். மெத்தென்ற ஃபோம் பேடு, மெல்லிய பாலீஷ் பட்டாணி அளவில் நாலு சொட்டு. மெஷினை ஓடவிடாமல் முதலில் தடவிப் பரப்பிவிட்டு, பிறகு நாலாம் நம்பர் வேகத்தில் குறுக்கும் நெடுக்குமாக. நான் அவசரத்தில் வீடு பெருக்குகிற மாதிரி இழுத்தேன். "நடக்கிற எறும்பைத் துரத்துற வேகம் போதும்" என்றார். அழுத்தவும் வேண்டாமாம், மெஷினின் எடையோடு கொஞ்சம் கை. அழுத்தினால் பேடு சுற்றுவது நின்றுவிடுகிறது. பேடின் முதுகில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். அது சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும்.

துடைத்து டார்ச் அடித்தோம். பாதிக் கோடு இருந்தது. மெல்லியதில் தொடங்கிப் போதவில்லை என்றால் ஒரு படி ஏறுவதுதான் முறையாம். கொஞ்சம் கடினமான பேடும் கட்டிங் காம்பவுண்டும் (அதிகமாகச் சீவுகிற தடித்த பாலீஷ்) மாற்றினோம், நாலு சுற்று. துடைத்தால் கோடு போய்விட்டது, ஆனால் லேசாகப் புகை படிந்த மாதிரி மங்கல். வெள்ளிப்பட்டறை அண்ணா சொன்ன படிதான் இது. மறுபடி மெல்லிய பாலீஷ், மெத்தென்ற பேடு.

கடைசித் துணியை எடுத்தபோது எதிர்வீட்டு மாடியில் காயப்போட்டிருந்த சேலையின் பார்டர் டிக்கியில் தெரிந்தது. நிறமே மாறின மாதிரி இருந்தது. டேப்புக்கு அந்தப் பக்கம் சாம்பல் பூத்த கருப்பு, இந்தப் பக்கம் கிணற்றுத் தண்ணீர்க் கருப்பு.

அந்த இரண்டடிக்கே ஒன்றரை மணி நேரம். மூன்று மணி நேரத்தில் முழு வண்டி என்றவர்களை இப்போது வேறு மரியாதையோடு பார்க்கிறேன்.

பெயின்ட்_பூத்_25 | ஞாயிறு, மாலை 5.00

வேலை சுத்தம். பாடத்தோடு ஒரு அனுபவமும் கேட்டுக்கொள். தொழில் கற்ற புதிதில் ஒரு அடர் நீல வண்டிக்கு டேப் ஒட்டச் சோம்பல்பட்டு ரோட்டரியைப் பானெட் மடிப்பில் ஓட்டினேன். கண் சிமிட்டுகிற நேரம்தான். மடிப்பு நெடுக வெள்ளையாகப் பிரைமர் சிரித்தது. மேடான இடத்தில் பெயின்ட் எப்போதும் மெல்லிசு. மொத்த பானெட்டையும் என் சம்பளத்தில் அடித்துக் கொடுத்தேன். அந்த இடது பின்கதவைத் தனியாக எடுத்துக்கொள். எப்படி அடித்தார்கள் என்று தெரியாத கிளியர், கனம் இருக்கிறதே என்று நம்பாதே.

அஸ்தம்பட்டி_கருப்பன் | ஐந்தாவது ஞாயிறு, இரவு 10.20

முடிந்தது. மூன்று ஞாயிறு விடியற்காலைகள். பின்கதவுக்கு மெல்லிய பாலீஷ் மட்டும். டிரைவர் கதவுக் கைப்பிடிக்கு உள்ளே நகத்தால் விழுந்த கோடுகள், பானெட்டில் நகம் மாட்டுகிற இரண்டு கீறல், எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆசையாகத்தான் இருந்தது, தொடவில்லை.

இப்போது மேலே என்ன போடலாம்? 9எச் செராமிக் போட்டால் இனிமேல் கீறலே விழாது என்கிறார்கள்.

மூக்கனேரி_மீன்கொத்தி | ஞாயிறு, இரவு 11.00

அந்த 9எச் என்பது பென்சில் கடினம். ஓவியம் வரைகிற பென்சில் வரிசையில் கடைசிப் பென்சிலால் கீறிப் பார்க்கிற சோதனை. குவார்ட்ஸுக்கு நான் சொன்ன 7 வேறு அளவுகோல், இரண்டையும் ஒப்பிடக் கூடாது. செராமிக் போட்டால் தண்ணீர் உருண்டு ஓடும், தூசு எளிதில் கழுவிப் போகும், எச்சம் அரிப்பதற்குள் கழுவக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். பழைய பனியனை நிறுத்த அதனால் முடியாது.

ஆழம் என்பது பாலீஷிலேயே வந்துவிட்டது. கார்னூபா மெழுகு கருப்புக்குக் கொஞ்சம் குளுமை சேர்க்கும், ஆனால் சேலத்து வெயிலில் சில வாரத்தில் போய்விடும். என்னைக் கேட்டால் இப்போதைக்கு ஒரு சீலன்ட், மெழுகைவிட நாள் தாங்குகிற செயற்கைப் பூச்சு. ஆறு மாதம் கழுவும் பழக்கம் சரியாக வருகிறதா பாருங்கள், வந்தால் செராமிக் செலவு செய்யலாம்.

அஸ்தம்பட்டி_கருப்பன் | ஞாயிறு, இரவு 11.15

சீலன்டே போடுகிறேன். ஒரு அவசரக் கேள்வி. ஆயுத பூஜை வருகிறது. அம்மா பானெட்டில் சந்தனம், குங்குமம், விபூதிப் பட்டை எல்லாம் வைப்பார்கள். காய்ந்த சந்தனத்தை மறுநாள் துடைத்தால்?

வெள்ளிப்பட்டறை | ஞாயிறு, இரவு 11.21

காய்ந்த விபூதியை வைத்துத்தான் எங்கள் வீட்டில் வெள்ளி விளக்கே தேய்ப்போம். யோசித்துக்கொள்ளுங்கள்.

சேர்வராயன்_காபி | திங்கள், காலை 7.05

கண்ணாடியில் வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி தாங்கும். பானெட்டில்தான் வைப்பேன் என்றால், துடைக்காமல் தண்ணீரைப் பீய்ச்சி ஊறவைத்துக் கழுவிவிடுங்கள்.

அஸ்தம்பட்டி_கருப்பன் | திங்கள், காலை 9.30

அம்மா கண்ணாடிக்கு ஒத்துக்கொண்டார்கள். வாட்ச்மேன் அண்ணன்தான் இன்று காலையும் பனியனோடு வண்டி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒரு புது மைக்ரோஃபைபர் துணி வாங்கிக் கொடுத்தேன். அதை அழகாக மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "இது நல்லா இருக்கு தம்பி, தொடைக்க மனசு வரலை" என்கிறார்.